மழைக் கணக்கும் எல்லைக் கோடும்

“காலம் மாறிவிட்டது; முன்பெல்லாம் மழை இப்படிப் பெய்ததில்லை” என்று எங்கள் பாறசாலைப் பக்கத்துப் பெரியோர் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்று எவ்வளவு உண்மை? விடை காண வேண்டுமானால் மழைக் கணக்கைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குரிய சில குறிப்புகளை ஈண்டுக் கூற விழைகிறேன்.

முதலில், சராசரி எந்த நிலப்பரப்புக்கு உரியது என்று பார்த்தல் வேண்டும். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே செல்லலாம். ஆயினும் 1956 நவம்பர் 1-இல் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும், விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. தென்மேற்குப் பருவத்தில் கேரளத்தின் சராசரி மழை ஏறக்குறைய 2,018 மில்லிமீட்டர்; தமிழ்நாட்டின் சராசரியோ 328 மில்லிமீட்டர்தான். முகில் எல்லைக் கோட்டை அறியுமா? இவ்விரு எண்களில் எதுவும் எங்கள் வாழைத் தோட்டத்து மழையைக் கூறாது. நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் பதிவான மழையை அருகருகே வைத்தால்தான் எங்கள் ஊரின் நிலை விளங்கும்.

இரண்டாவது, கூட்டுத்தொகை உண்மையை மறைக்கக்கூடும். 2018-ஆம் ஆண்டுத் தென்மேற்குப் பருவம் முழுவதிலும் கேரளத்தில் பெய்தது இயல்பைவிட 23 விழுக்காடே மிகுதி. ஆனால் சூன் 1 முதல் ஆகத்து 19 வரை பார்த்தால் மிகுதி 42 விழுக்காடு! வெள்ளம் வந்தது அப்போதுதான். பின்னர்ச் செப்டம்பரில் மழை குறைந்தமையால் பருவக் கணக்கு தணிந்து தோன்றுகிறது.

மூன்றாவது, ‘ஒரு நாள்’ என்பது எது? வானிலைத் துறைக்கு நாள் என்பது காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை. அதற்குள் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. விடியற்காலையில் தொடங்கி நண்பகல் வரை கொட்டிய மழை இரு நாள்களாகப் பிரிந்து, இரண்டிலும் சிறிதாகத் தெரியலாம்.

நான்காவது, ஒரு நிகழ்ச்சி போக்கு ஆகாது. 2016-இல் கேரளத்தின் தென்மேற்குப் பருவமழை 34 விழுக்காடு குறைந்தது, 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் நம் கடலோரத்தை உலுக்கியது, 2018-இல் வெள்ளம். இம்மூன்றையும் அடுக்கிவிட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. குறைந்தது முப்பது ஆண்டுக் கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் கனமழை நாள்கள் எத்தனை என்று எண்ணி, முற்பாதியைப் பிற்பாதியோடு ஒப்பிடுதல் எளிய வழி.

அப்படியானால் எதுவும் மாறவில்லையா? அவ்வாறன்று. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். அரபிக்கடலும் சூடேறி வருகிறது. 1950-களுக்குப் பின்னர், போதிய பதிவுகள் உள்ள நிலப்பகுதிகளில் பெரும்பாலானவற்றில் கனமழை மிகுந்துள்ளதாக ஐ.நா. காலநிலை அறிஞர் குழு 2021-இல் அறிவித்தது. ஆதலின் பெரியோர் சொல்லைத் தள்ளவும் வேண்டா. ஆராயாமல் கொள்ளவும் வேண்டா.

வாழைக்கன்று எப்போது நடுவது, மரவள்ளியை எப்போது பிடுங்குவது, கடலுக்குப் போவதா வேண்டாவா என்பவை எம்மவர்க்கு வாழ்க்கைக் கேள்விகள். எல்லையின் இருபுறமும் உறவினர் உடைய நாம், இருபுறத்துக் கணக்கையும் கேட்டு வாங்கி ஒரே தாளில் வரைந்து பார்க்கலாம். வரும் விடுமுறையில் இப்பணியில் ஈடுபட விரும்புவோரை அன்போடு அழைக்கிறேன்.