தொட்டுப் பார்க்க முடியாதவருக்காக

கண்ணு, வீட்டில் சோப்பு காய்ச்சி, வில்லியனூர் மண் பொம்மைகளையும் சேர்த்து விற்கத் தொடங்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். படம் எடுக்க என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டாயாம். இப்போதைக்கு எதுவும் வாங்காதே. உன் போனே போதும். ஸ்டுடியோவிலேயே நரைத்துப்போன உன் பெரியப்பா சொல்வதைக் கொஞ்சம் கேள்.

1. முதலில் பொருளோடு பழகு. மண் குதிரையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் குயவரின் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் தெரியும். வயிற்றடியில் சூளைப் புகை பட்ட கருமை இருக்கும். படத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பதை அந்தப் பொருளே உனக்குச் சொல்லும். எங்கள் காலத்தில் ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபிலிம் சுருளைப் போட்டால் பன்னிரண்டு படம்தான். ஒவ்வொன்றும் காசு. அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் பார்க்கும் பழக்கம் தானாக வந்தது. உனக்குப் படம் எடுக்கச் செலவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கத்தை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்.

2. வெளிச்சத்துக்குக் காத்திரு. டியூப்லைட்டை அணை, ஃப்ளாஷையும் அணை. ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பொருளை வை. நேரே முகத்தில் அடிக்கும் வெளிச்சம் மண்ணின் சொரசொரப்பைத் தின்றுவிடும். பக்கத்திலிருந்து வருவது அதை எழுப்பிக் காட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைத்தான் புகழும். அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்து நிற்பதால் வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்காது. நம் புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு 12 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நம் உச்சந்தலைக்கு வரும். அங்கிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலிலும் வடக்குப் பக்கம்தான். அந்த மாதங்களில் உனக்குத் தெற்கு ஜன்னலே நல்லது. மார்கழி, தையில் வடக்கு. ஒரு வருடம் உன் வீட்டு வெயில் எங்கே விழுந்து எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு இரு. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். வெயில் நேரே விழுந்தால், அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டு. கரை மட்டும் வெளிச்சத்தில் படாமல் மடித்துக்கொள்.

3. ஊர் அழகைக் கடன் வாங்காதே. இப்போது நிறைய பிள்ளைகள் பொருளை எடுத்துக்கொண்டு ஒயிட் டவுனுக்கு ஓடுகிறார்கள். ரோமன் ரோலண்ட் வீதியின் மஞ்சள் சுவர் முன்னால் எதை வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் மஞ்சள்தான். உன் வெள்ளைச் சோப்பு சந்தனச் சோப்பாகிவிடும். பார்ப்பவர் சுவரை ரசித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை மேலே சுவரில் ஒட்டி, கீழே மேஜை வரை வளைத்து விடு. மடிப்பு விழக் கூடாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்து, நிழல் இளகும். வேறு பின்னணி வேண்டுமென்றால் அரவிந்தர் ஆசிரமம் 1959-இல் தொடங்கிய கைவினைக் காகிதத் தொழிற்கூடத்துத் தாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணியும் மலிவாகக் கிடைக்கும். பூப்போட்ட துணி வேண்டாம்.

4. வெள்ளைப் பின்னணி படத்தில் சாம்பலாக வந்தால் போனைக் குறை சொல்லாதே. எதையும் நடுத்தர வெளிச்சமாக்கத்தான் அதற்குத் தெரியும். திரையில் பொருளைத் தொட்டு, விரலால் வெளிச்சத்தைச் சற்று மேலே ஏற்று.

5. பொருளில் உன் முகம் தெரியக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாத்திரக் கடைக்காரர் புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பைக் கொண்டுவந்தார். அதன் வயிற்றில் ஸ்டுடியோ முழுக்கத் தெரிந்தது. நாற்காலி, விசிறி, முதலாளியின் நீலச் சட்டை எல்லாம். முதலாளி ஒன்றும் பேசவில்லை. நாலு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி, லென்ஸ் நுழைய மட்டும் ஒரு கிழிசல் விட்டார். ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தியதும் செம்பின் வளைவு கோடு போட்டாற்போல் எழுந்து வந்தது. பகல் பூராவும் ஒரே செம்பு. கூலி சொற்பம். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கண்ணாடிப் பாட்டிலுக்கும் வெள்ளி நகைக்கும் இதே வேலைதான். முதலில் பொறுமையைக் கற்றுக்கொள், மற்றதெல்லாம் துணியும் அட்டையும்தான்.

6. உள்ளதை உள்ளபடி காட்டு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊர் செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது அல்லவா? அங்கிருந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து வைத்தார்கள். அலங்காரம் சேர்க்கவில்லை. எந்த ஊர், எந்தக் கோயில் என்று குறித்து வைத்தார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் களவு போய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் சிலைதான் என்று காட்ட உதவியவற்றுள் இங்கே இருந்த பழைய படங்களும் உண்டு. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தப் படங்களில் யாராவது தழும்பை மறைத்திருந்தால் அவை எதற்கும் சாட்சி ஆகியிருக்காது. நீயும் மண் குதிரையின் புகைக் கருமையை அழிக்காதே. ஃபில்டர் போட்டு நிறத்தை ஏற்றாதே. படத்தைப் பொருளின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒத்துப் பார். அளவு தெரிய ஒரு படத்திலாவது யார் கையிலாவது பொருள் இருக்கட்டும். கைக்கடக்கமான பொம்மையை முழங்கால் உயரம் என்று நம்பி ஒருவர் பணம் கட்டினால் அந்த ஏமாற்றம் உன்னைத்தான் சேரும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது. ஆனால் நீ சட்டத்துக்காகச் செய்ய வேண்டாம். எங்கோ ஒரு ஊரில் இருந்துகொண்டு, தொட்டுப் பார்க்க வழியில்லாமல் உன்னை நம்புகிறாரே, அவருக்காகச் செய்.

7. துடை. கடற்கரை ஊர் இது, உப்புக் காற்று. லென்ஸில் அதுவும் விரல் எண்ணெயும் சேர்ந்து படம் பனி மூடியது போல வரும். பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு முறையும் துடை. பொருளையும் துடை.

8. ஒரு படத்தோடு நிறுத்தாதே. முன்புறம், பின்புறம், அடிப்பாகம், கிட்டத்தில் ஒன்று, கையில் ஒன்று. மிக நெருங்கிப் போகாதே, முன்பக்கம் பருத்துத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வை. அமேசானில் போடுவதாக இருந்தால் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்பார்கள். பொருள் சட்டகத்தில் 85 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும். மற்ற படங்களில் உனக்குச் சுதந்திரம் உண்டு.

9. காசை எண்ணிச் செலவழி. முதல் வருமானத்தில் ஒரு முக்காலி ஸ்டாண்ட் வாங்கு. அதுவரை டிபன் பாக்ஸை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வை, டைமரில் எடு. கை ஆடாது. விளக்கு, கேமரா எல்லாம் பிறகு. புதுச் சாமான் வாங்குவதைத் தொழில் கற்பதாக எண்ணித் திரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

10. தீபாவளிக்கு விற்கும் பொருளை ஆவணியிலேயே எடுத்து முடி. ஐப்பசியில் நம் ஊரில் மழை பிடித்தால் விடாது. மேகம் மூடிய வெளிச்சம் மென்மையாகத்தான் இருக்கும், சோப்புக்கும் துணிக்கும் ரொம்ப நல்லது. ஆனால் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஈரத்தில் காகிதம் நெளியும். கடைசி நேரத்தில் ஆர்டரையும் படத்தையும் ஒன்றாகத் தூக்கிச் சுமக்காதே. எடுத்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டு. “இது என்ன, எவ்வளவு பெரிசு?” என்று மட்டும் கேள். அவர் தப்பாகச் சொன்னால் விளக்கம் சொல்லாதே, மறுபடி எடு.