சமவெளி மானுக்கு ஒற்றைக் குண்டு

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்கு ரைஃபிளை விட்டுவிட்டுப் பலர் ஷாட்கன் எடுப்பது ஏன்? எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு பொருந்தும்?

பதில்: இல்லினாய், அயோவா, ஒஹாயோ மாநிலங்கள் பெரும்பாலும் தட்டையான விளைநிலங்கள். நடுநடுவே பண்ணை வீடுகள். குறி தப்பிய ரைஃபிள் தோட்டா மைல்கணக்கில் போகும். அதனால் அங்கே நெடுங்காலம் ஷாட்கன்தான் சட்டம். ஒஹாயோ 2014இலும் இல்லினாய் 2023இலும் சிலவகை ரைஃபிள்களை அனுமதித்தன.

ஷாட்கன்னில் சிறு ரவைகளுக்குப் பதில் போடும் ஒற்றைக் கனத்த குண்டுதான் ஸ்லக். 12 கேஜ் என்ற குழல் அளவில் வழக்கமான எடை சுமார் 28 கிராம். வழவழப்பான குழலுக்கு ஃபாஸ்டர் வகை ஸ்லக் சரி. முன்பக்கம் கனம், பின்பக்கம் குழிவு. இறகுப்பந்து போலத் தலை முன்னே நிற்கப் பறக்கும். மேலே தெரியும் வரிகளால் குண்டு பெரிதாகச் சுழல்வதில்லை. குழல்முனை குறுகலில் ஈயம் நசுங்கி நழுவ அவை இடம் தருகின்றன. 75 கெஜம் வரை நம்பலாம்.

அதற்கு மேல் என்றால், உள்ளே சுழல்வரி வெட்டிய குழலும் சாபோ ஸ்லக்கும் வேண்டும். குண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை குழலைத் தாண்டியதும் கழன்று விழும். இந்த விலை கூடிய ஸ்லக்கை வழவழப்பான குழலில் போடுவது வீண்செலவு. சுழற்சி கிடைக்காமல் குறி சிதறும், மான் காயத்தோடு ஓடிச் சாகும். அது கொடுமை.

12 கேஜின் உதை தோளுக்கு ஒத்துவராதவர் 20 கேஜ் வாங்கட்டும். மானுக்கு அது போதும். இரண்டு மூன்று ரக ஸ்லக்குகளை 50 கெஜத்தில் காகிதக் குறியில் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதை எடுக்கலாம். கலிபோர்னியாவில் மட்டும் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அங்கே செம்பு ஸ்லக் வாங்க வேண்டும்.