கட்டுரையைத் திருத்துதல்: ஒரு மாணவர் படியை முன்வைத்து

கட்டுரை எழுதுதல் ஒரே அமர்வில் முடிந்துவிடும் செயலன்று. ஆயினும் மாணவர் பலர், திருத்துதல் என்பது எழுத்துப்பிழை களைவதே எனக் கருதுகின்றனர். பிழை களைதல் திருத்தத்தின் இறுதிப்படி, முதற்படி வேறு. அதனை விளக்க, நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவரின் கட்டுரை உருவான வரலாற்றை இங்கே தருகின்றோம்.

சீறாப்புராணத்தைப் பற்றி எழுத விழைந்த அவர், பதினான்கு பக்கங்களில் முதற்படியைக் கொணர்ந்தார். தலைப்பு, 'உமறுப் புலவரின் புலமைத் திறம்'. புலவர் வரலாறு, வள்ளல் சீதக்காதியின் கொடை, மூன்று காண்டங்களின் பெயர்கள், 5027 பாடல்கள் என்னும் கணக்கு ஆகியவற்றுக்கே ஒன்பது பக்கங்கள் சென்றிருந்தன. இவை இலக்கிய வரலாற்று நூல்களில் எளிதிற் கிடைப்பவை. முதல் வாக்கியமோ, 'உலகக் காப்பியங்கள் அனைத்தினும் தலைசிறந்தது சீறாப்புராணமே என்றால் அது மிகையாகாது' என்றிருந்தது. ('மிகையாகாது' என்று எழுதுவோர், மிகை என்பதை உணர்ந்தே எழுதுகின்றனர் என்பது நம் நெடுநாள் ஐயம்.)

அவ்வாக்கியத்தை அடித்தோம். மாணவர் முகம் வாடியது. "நம் காப்பியத்தை நாமே குறைத்து மதிப்பிடலாமா ஐயா?" என்றார். அவ்வரியைக் கேட்டு அவருடைய தந்தையார் கண்கலங்கினாராம். இஸ்லாமியத் தமிழிலக்கியம் போதிய அளவு படிக்கப்படவில்லை என்னும் மனக்குறை நமக்கும் உண்டு. அடிக்கும்போது நம் கையும் சற்றுத் தயங்கியது உண்மையே. ஆனால், "உலகக் காப்பியங்களுள் எத்தனையை நீர் படித்திருக்கிறீர்?" என்று ஒருவர் வினவினால் மாணவர் என்ன சொல்வார்? சான்றில்லாப் புகழுரை நூலுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. நூலைப் படிக்காமலே தலையசைத்துவிட்டுச் செல்லப் பிறருக்கு அது வழிசெய்து விடுகிறது.

இனி நாம் செய்த பிழையையும் சொல்லவேண்டும். பதினோராம் பக்கத்தில் நாட்டுப்படலத்தைப் பற்றிக் கூறுமிடத்து, 'இதைப் படித்தால் எங்கள் ஊர் வயல் போலவே இருக்கிறது' என்றொரு வரி வந்தது. பேச்சு நடையென்று அதனையும் அடித்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து மறுமுறை படித்தபோதுதான், பதினான்கு பக்கங்களிலும் மாணவர் தாமே கண்டு சொன்னது அவ்வொன்றே என்பது புலப்பட்டது.

அரபு நாட்டைப் பாடவந்த அப்படலத்தில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் நடவும் அறுவடையும் நிகழ்கின்றன. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த மாணவர் அதனைத் தம் ஊராகக் கண்டதில் வியப்பில்லை. பாலைவன நாட்டிற்குள் மருதம் எவ்வாறு வந்தது? இவ்வினாவைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஏனையவற்றை ஒதுக்கச் சொன்னோம்.

'புலவர் தாம் வாழ்ந்த ஊரின் வளத்தையே பாடினார்' என இரண்டாம் படியில் விடை எழுதி வந்தார். அழகிய விடைதான். ஆனால் புலவர் வாழ்ந்து அடங்கிய எட்டயபுரமோ கரிசல் சூழ்ந்த, வானம் பார்த்த பூமி. அங்கே கரைபுரளும் ஆறு ஏது? தம் முடிவுக்கு எதிரான சான்றைத் தாமே தேடுவது திருத்தத்தின் கடினமான பகுதி. மாணவர் ஒரு வாரம் நம் பக்கமே வரவில்லை. பின்னர்க் கம்பராமாயணத்தின் ஆற்றுப்படலத்தையும் நாட்டுப்படலத்தையும் உடன்வைத்துப் படித்துவிட்டு வந்தார். காப்பியம் நாட்டு வளத்தோடு தொடங்கவேண்டும் என்னும் மரபே வயலைக் கொணர்ந்தது என்று கண்டிருந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டைத் தமிழர் அயல்நாடாகக் கருதாதிருக்கவும் அம்மரபு புலவருக்கு உதவியது என மேலும் எழுதியிருந்தார். முன்னது ஒப்பீட்டில் நிற்பது, பின்னது ஊகம். ஆகவே பின்னதற்குமட்டும் 'எனக் கருத இடமுண்டு' என்று சேர்க்கச் செய்தோம்.

மூன்றாம் படியில் மேற்கோள்களைச் சரிபார்த்தோம். வேறொரு நூலிலிருந்து எடுத்தெழுதிய பாடல்களுள் ஒன்றில் சீர் தவறியிருந்தது. மற்றொன்றில் ஓரடியே விடுபட்டிருந்தது. சீறாப்புராணத்தைச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏட்டிலிருந்து 1842இல் அச்சேற்றித் தந்திருக்க, அச்சுநூலைப் புரட்டவும் நாம் சோம்புவது தகுமா? ஒரு பக்கத்தில் 'ஹிஜ்றத்து' என்றும் மறுபக்கத்தில் 'இசுறத்து' என்றும் இருந்த அரபுச் சொல்லை ஒரே வடிவாக்கினோம்.

சந்தியையும் நிறுத்தக்குறியையும் நான்காம் படியில்தான் தொட்டோம். உரக்கப் படிக்கச் சொன்னோம்; மூச்சு முட்டிய வாக்கியங்களை அவரே இரண்டாக்கினார்.

கட்டுரை ஆறு பக்கமாயிற்று. தலைப்பு, 'சீறாப்புராண நாட்டுப்படலத்தில் மருத நிலம்'. நாம் அடித்த அந்த ஊர்வயல் வரியே சற்றுச் செப்பமுற்று முதல் வாக்கியமாக நின்றது. இதனையும் தந்தையாரிடம் படித்துக் காட்டினாராம். இம்முறை அவர் கண்கலங்கவில்லை; "நடவு எந்தப் பாட்டில் வருகிறது?" என்று கேட்டு, நூலை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டாராம்.