மணி பிளாண்ட் ஏற விரும்பும் கொடி

பினாங்கின் செபராங் ஜெயா அடுக்குமாடிகளில் மணி பிளாண்ட் இல்லாத வரவேற்பறையைக் காண்பது அரிது. பழைய போத்தலில் தண்ணீர், அதில் இரண்டு கொடி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஓர் இடம். மலாய்க்காரர்கள் சிரே காடிங் என்பார்கள். தமிழரும் சீனரும் அதிர்ஷ்டச் செடி என்பார்கள். இதைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு நம்பிக்கை உண்டு. பலவற்றால் கெடுதல் செடிக்கு, ஒன்றால் நமக்கே.

"திருடி வைத்தால்தான் துளிர்க்கும்." அப்படி ஒன்றும் இல்லை. தண்டில் கணு இருந்தால் போதும், கேட்டு வாங்கினாலும் துளிர்க்கும். கணுவுக்குப் பக்கத்தில் பழுப்பாகத் துருத்திக்கொண்டிருப்பதுதான் வேர் முனை. அதற்குச் சற்றுக் கீழே வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர் இறங்கும். அவசரத்தில் கிள்ளிய வெறும் இலை வேர்விட்டாலும் புதுக்கொடி விடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு முழக் கொடி தர யாரும் தயங்க மாட்டார்கள்.

"இது நம்ம ஊர்க் காட்டுச் செடி." பினாங்கில் சாலையோர மரங்களிலெல்லாம் ஏறிக் கிடப்பதால் வந்த எண்ணம். இதன் பூர்வீகம் பசிபிக் கடலின் நடுவே, பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள மூரேயா தீவு. இன்னொரு வியப்பும் உண்டு: இது பூப்பதில்லை. வளர்ப்பில் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூக்கத் தேவையான ஜிப்பெரெலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு இதில் சரிவர இயங்கவில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஹார்மோனைத் தெளித்தபோது செடி பூத்தது. பூ இல்லாததால் விதையும் இல்லை. கைமாறிக் கைமாறி வந்த தண்டுதான் நம் வீடுகளில் வளர்வது.

"கொடி தரையைப் பார்த்துத் தொங்கினால் பணம் இறங்கிவிடும்." பணத்துக்கும் கொடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தொங்கவிடக் கூடாது என்ற பேச்சில் தாவரவியல் உண்மை ஒன்று இருக்கிறது. இது பற்றி ஏறும் கொடி. தொங்கும்போது புது இலைகள் சிறுத்துக்கொண்டே போகும். மரத்தைப் பற்றி ஏறினால் பெருத்துக்கொண்டே போகும். மழைமரத்தின் உச்சியில் முறம்போல விரிந்து, ஓரம் கிழிந்து நிற்கும் இலையும் நம் போத்தலில் உள்ள இலையும் ஒரே இனம்தான். வீட்டில் நாம் பார்ப்பது அதன் குழந்தைப் பருவம். மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று சிலர் வெட்டி எறிகிறார்கள். இது ஒட்டுண்ணி இல்லை; காற்றுவேரால் பட்டையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. ஆனாலும் இளம் மரத்தில் ஏறவிட்டால் அதன் வெளிச்சத்தை மறைத்துவிடும். பழமரத்தில் விடாதீர்கள்.

வீட்டிலும் ஏற்றலாம். அடியில் துளையுள்ள தொட்டியில் தோட்டமண்ணோடு எரித்த உமியும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, நடுவில் தேங்காய் நார் சுற்றிய கம்பை ஊன்றுங்கள். கொடியை அதில் தளர்வாகக் கட்டி, நாரை ஈரமாக வைத்திருந்தால் வேர் தானே பிடித்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். இந்தச் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம்.

"வெயிலே வேண்டாம்." இருட்டு மூலையில் உயிரோடு இருக்கும், வளராது, இலையின் மஞ்சள் கோலமும் மங்கிவிடும். கிழக்கு ஜன்னலின் காலை வெளிச்சம் நல்லது. மேற்கு வெயில் இலையைச் சுடும்.

"காற்றைச் சுத்தப்படுத்தும்." இதற்குச் சான்றாகச் சொல்லப்படும், 1989இல் நாசா நடத்திய ஆய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு அது பொருந்தாது. சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வைத்தால்தான் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாகும் என்று 2019இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஜன்னலைத் திறப்பதே மேல்.

வெற்றிலை போலத் தோன்றினாலும் வாயில் வைக்கக் கூடாது. இலையிலும் தண்டிலும் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் உயரத்தில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது போத்தல் தண்ணீர். "தண்ணீர் குறைந்தால் ஊற்றினால் போதும்" என்கிறார்கள். ஏடிஸ் கொசு தேடுவது இப்படிப்பட்ட அசையாத தண்ணீரைத்தான். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளே போதும். வீட்டுக்குள் ஜெந்திக் (கொசுப்புழு) கண்டால் அபராதம் விதிக்க, நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அபராதத்தைவிட இந்தக் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் கொடியது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. நீர்மட்டத்துக்கு மேலே போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்து கிடந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கொடியை வெளியே எடுத்து வேரைக் கழுவுங்கள், போத்தலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். முடியாதவர்கள் இந்த வாரமே மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.