தூய காற்றும் கடுமையான அளவுகோலும்



உணவின்றிச் சில வாரங்கள் வாழலாம். நீரின்றிச் சில நாள்கள் வாழலாம். காற்றின்றிச் சில நிமிடங்களுக்குமேல் வாழ இயலாது. உலையில் இடும் அரிசியில் கல் பொறுக்கும் நாம், மூச்சில் ஏற்கும் காற்றில் என்ன கலந்துள்ளது என்று எண்ணிப் பார்க்கிறோமா?

நுண்துகள் என்னும் பகை

காற்றில் கலக்கும் மாசுகளுள் நுண்துகள்கள் பெருந்தீங்கு விளைப்பவை. 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் மூச்சுக்குழாய்களை அடைகின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவையோ, தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ 30இல் 1 பங்கே ஆகும். அவை நுரையீரலின் காற்றுப்பைகள்வரை சென்று குருதியிலும் கலக்கின்றன. ஆஸ்துமா, இருதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அவை காரணமாகின்றன. சிறுவர்கள் தங்கள் உடல் எடைக்குப் பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிப்பதால், முதலில் துன்புறுவோர் அவர்களே.

அளவுகோல் இறங்கிய வரலாறு

மலேசியாவில் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் தூய காற்று விதிகள் வந்தன. எனினும், 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 839ஐத் தொட்டது. சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2013இல் மூவாரில் 746 பதிவாயிற்று. குறியீடு 100ஐக் கடந்தாலே காற்று உடல்நலத்துக்குக் கேடானது என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

அதன்பின், 2.5 மைக்ரோமீட்டர் துகளுக்குப் படிப்படியாக எல்லை வகுக்கப்பட்டது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 2015இல் 35 மைக்ரோகிராம், 2018இல் 25, 2020இல் 15 என அது குறைக்கப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ வெறும் 5 ஆகும். 2018 முதல் இந்நுண்துகளும் நமது குறியீட்டுக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. அன்று காற்று திடீரெனக் கெட்டுவிடவில்லை. முன்பு கணக்கில் வராத தீங்கு கணக்கில் வந்தது.

ஆலையும் லயமும்

செம்பனை ஆலைகளில் நாரையும் ஓட்டையும் எரித்தே கொதிகலனைச் சூடேற்றுகின்றனர். அப்புகையில் ஒரு கன மீட்டருக்கு 400 மில்லிகிராம் என்றிருந்த துகள் எல்லையை, 2014ஆம் ஆண்டு விதிகள் 150 ஆகக் குறைத்தன. இதற்குத் தூசு பிடிக்கும் கருவிகள் வேண்டும், செலவு மிகுதிதான். ஆனால் அச்செலவை ஆலை ஏற்காவிடில், அருகிலுள்ள லயத்துக் குழந்தைகளின் நுரையீரல் ஏற்க நேரும். ஆகவே, புகைபோக்கியில் கரும்புகை தொடர்ந்து எழுமாயின் நிருவாகத்திடமும் சுற்றுச்சூழல் துறையிடமும் தெரிவிப்பது குறை கூறுதல் அன்று. அது நம் உரிமை.

உரிமை கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமாகும். குப்பையையும் நெகிழிப் பைகளையும் வீட்டின் பின்புறம் கொளுத்தும் வழக்கத்தைக் கைவிடுவோம். குறியீடு 100ஐக் கடந்த நாளில் பிள்ளைகளைத் திடலில் விளையாட விடாதிருப்போம்.

எல்லை வகுப்பது அரசாங்கத்தின் பணி. அது மீறப்படாமல் காப்பது நம் அனைவரின் பணி.

சிந்தித்து விடை கூறுக

1. நுண்துகள்களால் சிறுவர்கள் பெரிதும் பாதிக்கப்படுவது ஏன்?
2. 2015க்கும் 2020க்கும் இடையே ஆண்டுச் சராசரி எல்லை எவ்வளவு குறைந்தது?
3. உங்கள் வீட்டருகே எழும் புகைகள் யாவை? அவற்றுள் எவற்றை நீங்களே நிறுத்தலாம்?