தாப்பிரும் பாராவ்-பாராவும்: எதற்கு ஆபத்து அதிகம்?

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். ஒரு விலங்கு ஏறத்தாழ 13 மாதம் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். ஒரு பறவை இரண்டு முட்டைகளை இட்டு, சில வாரங்களிலேயே குஞ்சுகளைப் பறக்கவிடும். இவற்றுள் எது விரைவில் அழியும்? 'விலங்குதான்' என்பீர்கள். உண்மை நிலை வேறு.

அந்த விலங்கு தாப்பிர். மலாயில் தெனுக் என்பார்கள். எடை சுமார் 300 கிலோ. பறவை, தலை வைக்கோல் நிறத்தில் இருக்கும் ஒருவகைக் கொண்டைக்குருவி. மலாயில் பாராவ்-பாராவ். இரண்டும் நம் தீபகற்பத்தில் வாழ்பவை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் தாப்பிர் 'அருகிவரும் இனம்'. பறவையோ 2018 முதல் அதைவிட மோசமான 'மிகவும் அருகிவரும் இனம்'.

ஏன் இப்படி?

தாப்பிருக்கு எதிரி, துண்டாடப்படும் காடு. செனாவாங்கையே பாருங்கள். ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் நெடுஞ்சாலையும் உள்ளன. நாடெங்கும் காடுகளின் குறுக்கேயும் இப்படிச் சாலைகள் வந்துவிட்டன. தாப்பிர் இரவில் இரை தேடும். நிலவொளியில் அதை மறைத்துக் காக்கும் அதே கறுப்பு வெள்ளை உடல், வாகனமோட்டியின் கண்ணுக்கும் எளிதில் தெரிவதில்லை. ஒரு தாய் அடிபட்டு இறந்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

பறவைக்கு எதிரி, அதன் இனிய குரல். கூண்டில் பாட வைப்பதற்காகவே அதைப் பிடிக்கிறார்கள். ஆற்றோரத்திலும் காட்டோரத்திலும் வாழ்வதால் மனிதர் எளிதில் நெருங்கலாம். இருக்குமிடத்தை அதன் பாட்டே காட்டிக்கொடுக்கும். குஞ்சு பொரிக்கும் வேகத்தைவிடப் பிடிக்கும் வேகம் அதிகம். ஜாவாவிலும் தாய்லாந்திலும் அது காடுகளிலிருந்து மறைந்தேவிட்டது. ஆனால், காடு மிகக் குறைந்த சிங்கப்பூரில் இன்னும் பாடுகிறது. அங்கே பறவை பிடிப்பது கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுவதே முக்கியக் காரணம்.

எனவே இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது. தாப்பிருக்குத் தேவை, இணைந்த காடும் பாதுகாப்பான கடவையும். பகாங் சுங்கை யூவில் சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தி, விலங்குகள் கீழே கடக்க வழிவிட்டிருக்கிறார்கள். பறவைக்குத் தேவை, காலியான கூண்டு. 2022இல் அதன் அனைத்துலக வணிகம் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் வாங்குபவர் இருக்கும்வரை பிடிப்பவரும் இருப்பார்.

சிந்திக்க: உங்கள் வட்டாரத்தில் குறைந்துவரும் ஓர் உயிரினத்தைக் கூறுக. அதற்குப் போனது வாழிடமா, அல்லது அதையே பிடித்துச் செல்கிறார்களா? காரணம் காட்டி விளக்குக.