தொலைவு அளக்கும் ஒளி

கடலூர் மாவட்டத்து நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் பெயர் பெற்ற ஊராகும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில், நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிவரக் கண்டார். அதுவே பின்னர்ப் பெருந்தொழில் ஒன்றுக்கு வித்தாயிற்று. 1956ஆம் ஆண்டில் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. மறு ஆண்டே மின்னாக்கமும் தொடங்கிற்று.

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் மாலையில் விளக்குகள் எரிவதைக் காண்போர், அவ்வொளிக்குப் பின்னால் நிகழும் ஓட்டத்தை எண்ணிப் பார்ப்பது அரிது. சுரங்கத்தில் பெருஞ்சக்கர இயந்திரங்கள் வெட்டும் நிலக்கரி, கன்வேயர் எனப்படும் ஓடும் பட்டையில் ஏறி அனல்மின் நிலையத்தை அடைகிறது. அங்கே அது பங்கர் என்னும் உயரமான தொட்டிகளில் விழுந்து, அவற்றின் அடிவழியே அரைக்கும் ஆலைக்கும் கொதிகலனுக்கும் செல்கிறது. தொட்டி வெறுமையானால் கொதிகலனின் தீ தளரும். மிகுதியாக நிரம்பினால் கரி வழிந்து பட்டையை அடைக்கும். எனவே, தொட்டிக்குள் எவ்வளவு கரி உள்ளது என்பதை எந்நேரமும் அறிந்திருத்தல் வேண்டும். இருளும் தூசியும் நிறைந்த அவ்விடத்தில் ஆளை இறக்கிப் பார்ப்பது தகாது. கயிற்றில் எடை கட்டி இறக்கி அளப்பது பழைய முறை. இக்காலத்தில் இப்பணிக்குரிய கருவிகள் பல. அவற்றுள் ஒன்று லேசர் தொலைவு உணர்கருவியாகும்.

இக்கருவி தொட்டியின் மேல் நின்று, ஒளித் துடிப்பு ஒன்றைக் கீழே அனுப்புகிறது. அது கரியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வரும் காலத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வது. ஆதலால், ஒரு மீட்டர் தொலைவு சென்று மீள அதற்கு வேண்டிய காலம், ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஏழு கூறுக்கும் குறைவே. அவ்வளவு சிறிய காலத்தை அளக்க வல்ல கருவிக்கும் தொட்டி என்பது இன்னது, கரி என்பது இன்னது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது தொலைவு ஒன்றே. அத்தொலைவுக்குப் பொருள் தருவது, கருவியை அமைக்கும் மனிதரின் கடமை.

தொட்டி ஒன்றை மனத்தில் கொள்வோம். கருவியிலிருந்து அதன் அடித்தளம் 12 மீட்டர். தொட்டி நிறைந்தபோது கரியின் மேற்பரப்பு 2 மீட்டர். கருவி தான் கண்டதை மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. 4 முதல் 20 மில்லியாம்பியர் வரை அனுப்புவது தொழிற்சாலைகளில் உலகெங்கும் வழங்கும் மரபு. ஆகவே 12 மீட்டருக்கு 4 என்றும், 2 மீட்டருக்கு 20 என்றும் அமைக்க வேண்டும். இடையேயுள்ள 10 மீட்டருக்கு 16 மில்லியாம்பியர் பங்கிடப்படுவதால், மீட்டர் ஒன்றுக்கு 1.6 வீதம் ஆகிறது. மின்னோட்டம் 10.4 எனில், கரியின் உயரம் 4 மீட்டர் என்று கண்டுகொள்ளலாம்.

அருகிலுள்ள தொலைவுக்குச் சிறிய எண்ணும், சேய்மைக்குப் பெரிய எண்ணும் இடுவதே இயல்பு என்று எண்ணி ஒருவர் தலைகீழாக அமைத்துவிட்டால் என்ன ஆகும்? நிறைந்த தொட்டியை அறையிலுள்ள திரை வெறுமை என்று காட்டும். அதை நம்பியவர் நிறைந்த தொட்டியில் மேலும் கரியைக் கொட்டுவார். கருவியில் பழுதேதும் இராது; அது அளந்த தொலைவும் சரியாகவே இருக்கும்.

சுழியிலிருந்து தொடங்காமல் 4இலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வியே. வெறுமையான தொட்டிக்குச் சுழி என்று வைத்தால், கம்பி அறுந்தபோதும் சுழியே வரும். "கரி இல்லை" என்பதும் "எனக்குப் பேச வாயில்லை" என்பதும் ஒன்றாகிவிடும். 4 என்று வைத்தமையால் இரண்டும் வேறாயின.

ஒளி திரும்பி வராதபோது கருவி என்ன சொல்ல வேண்டும் என்பதும் நாம் இடும் அமைப்பே. இறுதியாகக் கண்ட அளவையே சொல்லிக்கொண்டிருக்குமாறு சிலர் அமைப்பர். அவ்வாறாயின் கரி குறைந்துகொண்டே போக, திரையில் எண் அசையாமல் நிற்கும். 4க்குக் கீழோ 20க்கு மேலோ சென்று பழுதை உணர்த்துமாறு அமைப்பதே தக்கது.

தொட்டி நிறையும் தறுவாயில் பட்டையை நிறுத்த, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் கூறும் மற்றொரு வெளியீடும் உண்டு. கரி 9 மீட்டர் உயர்ந்ததும் நிறுத்துக என்று மட்டும் அமைத்தால், ஒரு கட்டி உருண்டாலும் பட்டை நிற்கும், ஓடும், மீண்டும் நிற்கும். ஆகவே 9இல் நிறுத்தி, 8.5க்கு இறங்கிய பின்னரே மீண்டும் ஓட்டுமாறு இடைவெளி விடுவர். வீட்டுக் குளிர்பெட்டியும் இம்முறையிலேயே இயங்குகிறது. மேலும், ஓடலாம் என்பதற்கே மின்சாரம் இருக்கவும், நிறுத்து என்பதற்கு அது அறவும் அமைத்தால், கம்பி துண்டிக்கப்பட்டாலும் பட்டை தானே நிற்கும்.

தூசியில் பட்ட ஒளியும் திரும்பி வருவதால், பல அளவுகளின் சராசரியை எடுக்கச் செய்வதுண்டு. சராசரி மிகுந்தால் எண் அமைதியுறும். ஆனால் மாறுதல் தாமதமாகவே தெரியும். விழும் கரியின் குறுக்கேயோ, ஈரக்கரி ஒட்டிக்கொள்ளும் சுவரின் ஓரத்திலோ கதிரைச் செலுத்தலாகாது. அங்கே பெறும் தொலைவு கரிக்குவியலின் தொலைவன்று. வெண்பலகையை வைத்துச் சோதித்து மனநிறைவு கொள்வதும் பிழையே. வெண்மை ஒளியை மிகுதியாகத் திருப்பும். நிலக்கரியோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். கரியையே வைத்துச் சோதித்தல் வேண்டும். அப்போதும் கதிரை நேரே கண்ணால் நோக்கலாகாது.

எல்லாம் முடிந்தபின் தேர்ந்த தொழிலாளர் ஒரு செயல் செய்வார். நன்கு இயங்கும் கருவியின் கம்பியைத் தம் கையாலேயே கழற்றுவார். அறையில் எச்சரிக்கை மணி ஒலித்து, பட்டையும் நின்றால், கம்பியை மீண்டும் பூட்டிவிட்டுப் பதிவேட்டில் கையொப்பம் இடுவார்.